பேகம்பூரில் ஒரு பெயர்

திண்டுக்கல்லுக்குச் சென்றால் மலைக்கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நகருக்குள்ளேயே இருக்கும் பேகம்பூருக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கிறார். அவரை முன்னிட்டே அப்பகுதி பேகம்பூர் என்றாயிற்று.

1755இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக, அதாவது படையும் நிர்வாகமும் ஒருங்கே கொண்ட அதிகாரியாக, ஹைதர் அமர்த்தப்பட்டார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி போயிற்று; தங்கையின் ஊர்ப்பெயர் நிலைத்தது.

ஆனால் என்னுடன் வந்த பேத்தி கேட்டாள்: "நன்னி, அவங்க பேரு பேகமா?"

நல்ல கேள்வி! 'பேகம்' என்பது தலைவரைக் குறிக்கும் 'பேக்' என்னும் துருக்கியச் சொல்லின் பெண்பால். மரியாதைப் பட்டமேயன்றிப் பெயரன்று. அமீருன்னிஸா என்பதே அவர் பெயர். 'அமீர்' என்றால் தலைமை ஏற்பவர். 'நிஸா' என்றால் பெண்கள். திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்தின் பெயரும் அந்நிஸாவே. ஆக, பெண்களின் தலைவி என்று பெயர் பெற்றவரை ஊர் பட்டத்தால் மட்டுமே நினைவுகூர்கிறது.

ஊரைக் குறை சொல்வானேன்? நம் இல்லங்களில் நடப்பதென்ன? கைருன்னிஸா, பெண்களில் சிறந்தவள். கமருன்னிஸா, பெண்களுள் நிலவு. மெஹருன்னிஸா, பெண்களுள் கதிரவன் என்று தேடித்தேடிப் பெயர் சூட்டுகிறோம். மறுநாள் முதல் "நிஸா" என்றே அழைக்கிறோம். சிறப்பும் நிலவும் கதிரவனும் உதிர்ந்து, 'பெண்கள்' மட்டும் எஞ்சுகிறது! என் பேத்தியும் அப்படியொரு நிஸாதான்.

பெயரைச் சுருக்குவது நம்மவர் வழக்கம் மட்டுமன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் சுவாஹிலி பேசும் முஸ்லிம்கள் ஃபாத்திமாவை ஃபாத்துமா என்பர். நம் மூதாட்டிகளின் 'பாத்துமா' நினைவுக்கு வரும். ஆயிஷா அங்கே ஆஷா ஆகிறது. 'வாழ்பவள்' என்னும் பொருளுடைய பெயர் அது. அதே அரபு வேரிலிருந்து வந்த 'மைஷா' என்பதே சுவாஹிலியில் வாழ்க்கைக்குரிய சொல். பெயர் குறுகினாலும் அங்கே பொருளின் உறவு அறவில்லை.

இவற்றையெல்லாம் பள்ளிவாசல் நிழலில் அமர்ந்து பேத்திக்குச் சொன்னேன். தன் முழுப்பெயரின் பொருளைக் கேட்டுக்கொண்டவள், பேருந்தில் ஊர் வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அவளுடைய அத்தா, "நிஸா, வந்துட்டியா?" என்றார். அவள் பதில் பேசவில்லை.


முழுப்பெயரைச் சொல்லி மறுபடி அழைத்த பிறகே ஓடிச்சென்று கையைப் பற்றிக்கொண்டாள்.