வீடு மாறிட்டோம், பாப்பா

பழைய மனையை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இந்த வீட்டை வாங்கிக்கொண்டோம். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு 2005-இல் அப்படித்தான் ஏற்பாடு. கரையை விட்டுக்கொடுத்தால் உள்ளே தள்ளி ஒரு காங்கிரீட் வீடு. பட்டா புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும். கெட்டியான வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரியில் கடல் சத்தம் கேட்காது. நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள் நான். என் பிள்ளையைக் கொண்டுபோன கடல்தான், இருந்தும் காது அதைத்தான் தேடுகிறது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மகள் மணலில் விளையாடப் போனாள். எட்டு வயசு. பள்ளிக்கூட நாளாக இருந்திருந்தால் என்று நினைப்பேன். எங்கள் பள்ளிக்கூடமும் கரையில்தான் இருந்தது, அதையும் அலை இடித்துப் போட்டது. மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். தெருவில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்கு அரசாங்கச் செலவில் மறுபடி குழாயைச் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் ஒரு பையன் பிறந்தான். எனக்கு மகன் ஒருவன் மிஞ்சியிருந்தான். இன்னொருத்தியைப் பெற்றால் இவள் இடம் போய்விடுமோ என்று பயந்து நான் போகவில்லை. வேளாங்கண்ணி, நாகூர், மாரியம்மன் என்று எல்லா வாசலிலும் நின்று ஏன் என்று மட்டும் கேட்டேன்.

மாமியார்தான் சொன்னார்: "கன்னியாப் போன புள்ள, தெய்வமா வருவா. பாவாட சட்ட எடுத்துப் படைடி." கல்யாணமாகாமல் போன பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது வழக்கம்தான். எனக்கு வேறு கவலை. அவளுக்குத் தெரிந்தது கரையோர வீடு. அங்கே வந்து தேடினால்? அதனால் படையலுக்கு முன்னால் பழைய இடத்துக்குப் போவேன். அடுப்படித் தளம் மணலுக்குள் கொஞ்சம் தெரியும். பூவும் வளையலும் வைத்து, "வீடு மாறிட்டோம் பாப்பா, அம்மா கூட வா" என்று வாய்விட்டே கூப்பிட்டு அழைத்து வருவேன்.

படைத்த துணியை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை. முதல் வருஷம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கட்டிவிட்டேன், அலையில் தாயைப் பறிகொடுத்தவள். பாவாடையைக் கட்டிக்கொண்டு, "தலையும் பின்னி விடுங்க அத்தை" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர், சாயங்காலமானால் திண்ணை நிறையப் பிள்ளைகள். எண்ணெய் வைப்பேன், சிக்கெடுப்பேன், வாய்ப்பாடு கேட்பேன். அந்த நேரத்தில் 'ஏன்' என்ற கேள்வி வருவதில்லை. சாமி எனக்கு வைத்த வேலை இதுதான் என்று பட்டது, இன்றுவரை செய்கிறேன்.

பாவாடை அளவு மாறவில்லை. உடுத்தும் பிள்ளைகள்தான் வருஷாவருஷம் மாறுகிறார்கள். முதலில் உடுத்தியவள் இன்று ஒரு தாய். இப்போது எனக்கும் பேத்தி இருக்கிறாள். அவளுக்கு எட்டு வயசானதும் பாவாடை வீட்டுப் பிள்ளைக்குத்தான் என்கிறார் வீட்டுக்காரர். தெருப் பிள்ளைகளுக்கு நிறுத்த எனக்கு மனசில்லை. இரண்டாக எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.