பாட்டனாரின் தூரக்கண்ணாடி

ஷஃபான் மாதத்து 29ஆம் நாள் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தோல் உறை கீழே இறங்கும். அதனுள்ளே என் பாட்டனாரின் தூரக்கண்ணாடி இருக்கும். பைனாகுலர் என்று ஊரார் சொல்வதை எங்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்பது வழக்கம். மலைகள் சூழ்ந்த பொம்மிடியில், சூரியன் மறைந்ததும் மேற்கு வானத்தைத் துழாவி ரமலான் பிறையைத் தேடும் கூட்டத்தில் அது கைமாறிக் கைமாறிப் போகும். சூரியன் முழுதும் மறையுமுன் எவர் கையிலும் அதனைக் கொடுக்கலாகாது என்பது என் அத்தா வகுத்த விதி. கதிரவனை அதன் வழியே பார்த்தால் கண் போய்விடும் என்று அஞ்சுவார். அது நியாயமான அச்சமே.

கண்ணாடியோடு ஒரு கதையும் கைமாறி வந்தது. இரண்டாம் உலகப் போரில் பாட்டனார் ஒரு ஜெர்மானியத் தளபதியைச் சிறைப்பிடித்தார் என்றும், அவன் கழுத்திலிருந்து கழற்றிய கண்ணாடியே இது என்றும் அத்தா சொல்வார். அத்தா எனக்குச் சொன்னார். நான் என் மக்களுக்கும் மதரஸா மாணவர்களுக்கும் சொன்னேன். பாட்டனாரை நான் பார்த்ததில்லை. நான் பிறக்குமுன்னரே அவர் மௌத்தாகிவிட்டார்.

சென்ற ஆண்டு என் தம்பி மகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், "பெரியத்தா, இது ஜெர்மன்காரன் கண்ணாடி என்றால் இதில் ஏன் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது?" என்று கேட்டான். அறுபதை எட்டப்போகும் எனக்கு அக்கேள்வி அதுவரை தோன்றவே இல்லை. முப்பதாண்டுகளாக மாணவர்களுக்கு இஸ்னாத் என்றும் மத்ன் என்றும், அதாவது அறிவிப்பாளர் தொடர் என்றும் அறிவிக்கப்பட்ட செய்தி என்றும் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்துகிறவன் நான். தொடர் அறுபடாதிருந்தால் மட்டும் போதாது, செய்தியையும் ஆராய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். வீட்டுக் கதையை மட்டும் அந்தத் தராசில் நிறுத்ததே இல்லை.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து இருவரும் திண்ணையில் அமர்ந்தோம். கறுப்பு வண்ணம் உதிர்ந்த உலோகத் தகட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. பைனோ பிரிஸம் நெம்பர் 2, மார்க் 2, பெருக்கம் 6, கெர்ஷா, 1943, அதன்பின் ஒரு வரிசை எண். தெரிந்தவர்களிடம் விசாரித்தும் நூல்களைப் புரட்டியும் அறிந்ததைச் சொல்கிறேன். கெர்ஷா என்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து நிறுவனம். பிரிட்டிஷ் தரைப்படைக்கு அக்காலத்தில் ஏராளமாக வழங்கப்பட்ட வகை இது. 6 மடங்கு பெருக்கிக் காட்டும். முன்புறக் கண்ணாடியின் குறுக்களவு 30 மில்லிமீட்டர். இரு கண்களுக்கும் தனித்தனியே திருகித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய அளவுக்கோடுகள் தெரியும். அவற்றைக் கண்ணாடியில் விழுந்த கீறல் என்றே நாங்கள் இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். பீரங்கிக் குண்டு இலக்கிலிருந்து எவ்வளவு விலகி விழுந்தது என்று கணிப்பதற்கான கோடுகளாம் அவை! ஜெர்மானியப் படைக் கண்ணாடியாயின் 'டீன்ஸ்ட்கிளாஸ்' என்ற சொல்லும், செய்த நிறுவனத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியும் இருக்கும். பி, எல், ஸி என்றிருந்தால் புகழ்பெற்ற ஜைஸ் நிறுவனம். அப்படி எதுவும் எங்கள் கண்ணாடியில் இல்லை.

கதை பொய்த்ததில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டாகவில்லை. வருத்தம் வேறொன்றால் வந்தது. எழுத்துகளுக்கருகே மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி ஒன்று இருந்தது. அது பிரிட்டிஷ் அரசின் உடைமை முத்திரை. நூற்றாண்டுகளாக வழங்கிவரும் அம்முத்திரையிட்ட பொருளை உரிமையின்றி வைத்திருப்பது குற்றம் என்று அந்நாட்டில் 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. படைவீரனுக்குக் கொடுக்கப்படும் கண்ணாடி அவனுக்குச் சொந்தமன்று. திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டியது. அவ்வாறாயின் இது எங்கள் வீட்டுக்கு எவ்வாறு வந்தது?

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கைபர் போரில் பங்கிடப்படுமுன்னர் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த கடும் எச்சரிக்கையை எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! பொதுச் சொத்தில் கைவைப்பதைக் குறிக்கும் 'குலூல்' என்ற சொல்லுக்கு எத்தனை பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன்! நம்மை அடக்கி ஆண்டவனின் சொத்துத்தானே என்று சிலர் சொல்லக்கூடும். அமானத்துக்கு ஆள் பார்க்கும் வழக்கம் இல்லை. அந்தக் கண்ணாடியைக் கொண்டா ரமலானைத் தொடங்கி வந்தோம் என்ற எண்ணம் முள்ளாய்த் தைத்தது.

மறுநாள் அத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். நிலப் பத்திரங்களுக்கெல்லாம் அடியில், நான்காய் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. 1946ஆம் ஆண்டு பாட்டனாரைப் படையிலிருந்து விடுவித்த சான்றிதழ். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்ப்ஸ், அதாவது உணவும் பண்டமும் வண்டியும் வழங்கும் பிரிவு. பணியாற்றிய இடம் ஈராக். பணி, சமையல்காரர். எண்ணெய்க் கிணறுகளையும் ரஷ்யாவுக்குப் பண்டம் போகும் வழியையும் காக்க 1942இல் பாரசீக ஈராக் படை என ஒன்று அமைக்கப்பட்டதும், அதில் இந்தியர்கள் பெருந்தொகையினராய் இருந்ததும் வரலாறு. ஜெர்மானியத் தரைப்படை அங்கு வந்து சேரவே இல்லை. பாட்டனார் யாரைச் சிறைப்பிடித்திருக்க முடியும்?

அத்தாவின் தங்கையாகிய என் குப்பிக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. சான்றிதழைக் காட்டிக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஜெர்மன்காரனாவது, தளபதியாவது! மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலே 18 ரூபாய்க்கு வாங்கினது தம்பி அது. எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். அந்த வருஷம் பிறை கண்டேன்னு உங்க பாட்டனார் சொன்னாரு, யாரும் நம்பலே. ஊரே ரெண்டுபட்டுப் போச்சு. அடுத்த வருஷம் ரயிலேறிப் போயி வாங்கிட்டு வந்துட்டாரு."

"அப்படியானால் அத்தா சொன்னது?"

குப்பியின் சிரிப்பு நின்றது. "பள்ளிக்கூடத்திலே பிள்ளைங்க உங்க அத்தாவைச் சட்டி கழுவினவர் மகன்னு கேலி பண்ணுவாங்க. ஒரு நாள் இந்தக் கண்ணாடியைக் கழுத்திலே மாட்டிக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் யாரும் கேலி பண்ணலே."

பொம்மிடியில் ரயிலேறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். அதன் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். 1985இல் எரிந்துபோன அந்தச் சந்தையில், பழம்பொருள் என்று எது கேட்டாலும் கிடைக்கும். போர் முடிந்தபின் படைகளுக்கு மிஞ்சிய பண்டங்களை அரசு விற்றதும், 'டிஸ்போசல் சாமான்' என்ற பெயரில் அவை கடைத்தெருவுக்கு வந்ததும் பெரியவர்கள் அறிந்ததே. ஆயினும் ஏழெட்டு வயதுக் குழந்தையின் நினைவு ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க மனம் ஒப்பவில்லை. அரசே விற்றுவிட்ட பொருளில் முதல் அம்புக்கு எதிரே இன்னோர் அம்பு, முனையோடு முனை முட்டுமாறு பொறிக்கப்படும் என்று படித்திருந்தேன். தகட்டின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். மூன்று தலைமுறையின் பெருவிரல் பட்டுத் தேய்ந்த இடத்தில், தலைகீழாக, இரண்டாம் அம்பு மங்கலாய் எழுந்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

பாட்டனார் தேறிவிட்டார். அத்தாவின் நிலை என்ன? தொலைநோக்குக் கண்ணாடியை அரபியில் 'மின்ழார்' என்பர். பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைஸம் ஒளியையும் பார்வையையும் ஆராய்ந்து எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூற்பெயரும் அதே வேரினது. நழர் என்றால் பார்வை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரைக் குறித்து 'ஃபீஹி நழர்', அதாவது இவரிடத்தில் பார்க்க வேண்டியது உண்டு, என்று எழுதிவிட்டால், சொல் மென்மையானதே தவிர அதன் பொருள் மிகக் கடுமையானது. அவர்களின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்தம் தந்தையைப் பற்றி வினவியபோது, முதலில் வேறெவரிடமாவது கேளுங்கள் என்று தட்டிக்கழித்தார்கள்; மீண்டும் வற்புறுத்தவே, தலை கவிழ்ந்திருந்து, இது மார்க்கத்தின் காரியம் என்று கூறித் தம் தந்தை பலவீனமான அறிவிப்பாளர் என உரைத்தார்கள். பாடத்தில் இவ்விடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் வியப்பார்கள். நானும் வியந்து கடந்துபோயிருக்கிறேன். அவர்கள் எதற்காகத் தலை கவிழ்ந்தார்கள் என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது.

அத்தா அச்சான்றிதழைக் கிழித்தெறிந்திருக்கலாம். கிழிக்கவில்லை, பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

இவ்வாண்டு ஷஃபான் 29 அன்று வழக்கம்போல் உறை கீழே இறங்கியது. கூட்டத்தில் ஒரு சிறுவன் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "ஹஜரத், இது ஜெர்மன்காரனிடமிருந்து பிடுங்கியதுதானே?" என்று கேட்டான். தம்பி மகன் என் முகத்தைப் பார்த்தான்.

"இல்லை தம்பி. ஈராக்கில் படைக்குச் சோறாக்கிய ஒரு சமையல்காரர், பிறை பார்ப்பதற்காக மூர் மார்க்கெட்டில் 18 ரூபாய் கொடுத்து வாங்கியது" என்றேன்.

"பதினெட்டு ரூபாய்தானா?" என்று கேட்டுவிட்டு, அவன் கண்ணாடியைக் கண்ணில் வைத்து மேற்கே திரும்பினான்.