போஸ்ட்டொக் என்றால் படிப்பா, தொழிலா?

எங்கள் ஊரில் கலாநிதிப் பட்டம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். பெனர் அடிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், பழைய மாணவர் சங்கம் ஒரு பாராட்டு விழாவும் வைக்கும். அதற்குப் பிறகு அந்தக் கலாநிதி என்ன செய்கிறார் என்று கேட்டால் "கம்பஸில் லெக்சரர்" என்ற ஒரே பதில்தான் ஊருக்குப் பழக்கம். "போஸ்ட்டொக் செய்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவரின் முகத்தில் சந்தேகம் வரும். பாவம், இன்னும் வேலை கிடைக்கவில்லையோ?

எங்களிடம் உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டொக் ஆராய்ச்சியாளராக இருக்கிறா. துறை, மருத்துவப் படிமவியல். எம்.ஆர்.ஐ, சி.டி, அல்ட்ராசவுண்ட் என்று நாம் எடுக்கும் ஸ்கேன் படங்கள் எப்படி உருவாகின்றன, அவற்றை இன்னும் தெளிவாகவும் விரைவாகவும் எடுப்பது எப்படி என்று தேடுகிற விஞ்ஞானம் அது. பெயர் போட வேண்டாம் என்றா, போடவில்லை. எழுதுவதற்கு மட்டும் அனுமதி தந்திருக்கிறா.

போன தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது அவவின் உம்மா பாடசாலைக்கு வந்தா. பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் படிப்பிக்கும் நாங்கள் மூன்று பேரும் ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னா:

"சேர், இந்தப் புள்ள இன்னும் படிச்சிட்டுத்தான் இரிக்காவா? பட்டம் எடுத்தாச்சு, கலாநிதியும் எடுத்தாச்சு. மறுகா இது என்ன? ஒழுங்கான தொழில் இல்லாமத்தான் அங்க நிக்காண்டு சனம் கதைக்குது. மாப்பிள வீட்டாக்களும் அதத்தான் கேக்காங்க. நீங்க சொன்னாக் கேப்பா. வந்து இங்க ஒரு அப்பொயின்மென்ட் எடுக்கச் சொல்லுங்க."

எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் கணித ஆசிரியர்தான் வழி கண்டுபிடித்தார்.

"ராத்தா, முந்தி போடியார்மார்ர வயல்ல முல்லைக்காரன் இருந்தாருதானே?"

"இருந்தாரே. எங்கட மூத்தப்பாவே முல்லைக்காரன்தான்."

"அவர் போடியார்ட்ட வேளாண்ம படிக்கவா போனாரு?"

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்குத் தெரியாத வேளாண்மையா சேர்? போடியாருக்கே அவருதான் சொல்லிக் குடுப்பாரு."

அவ்வளவுதான் விஷயம். வயல் போடியாருடையது. பேராசிரியர்தான் போடியார். ஆய்வுகூடம் அவர் பெயரில், நிதியும் அவர் பெயரில் வருகிறது. ஆனால் வாடியில் படுத்து, யானைக்குக் காவல் இருந்து, எந்த நேரம் தண்ணீர் கட்டுவது, எந்த நேரம் வடிய விடுவது என்று தீர்மானிக்கிறவர் முல்லைக்காரன். தொழில் முழுவதும் கைவந்த மனிதர். போகத்துக்குப் போகம் பேச்சு. போஸ்ட்டொக்கும் அப்படித்தான். கலாநிதிப் பட்டம் முடித்தவர், ஆய்வைத் தன் கையால் நடத்துகிறவர், பட்டப்பின் மாணவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழக்குகிறவர், சம்பளம் எடுக்கிறவர். அவவுடையது தொழில். ஒரு வித்தியாசத்தையும் சொன்னோம். ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது வேலையைச் செய்தவரின் பெயர் பெரும்பாலும் முதலில் இருக்கும், பேராசிரியரின் பெயர் கடைசியில் இருக்கும். முல்லைக்காரனுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ராத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டா: "அப்ப அவக்குச் சொந்தமா வயல் எப்ப சேர்?"

எங்களிடம் பதில் இல்லை. உலகம் முழுக்க போஸ்ட்டொக்மாரும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 2 அல்லது 3 வருடங்கள். அது முடிய இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு ஊர், சில வேளை இன்னொரு நாடு. நிரந்தர விரிவுரையாளர் பதவிகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். இங்கிலாந்தில் போஸ்ட்டொக் சம்பளம் ஆண்டுக்கு 40,000 பவுண் அளவில் வரும். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். வரியும் வீட்டு வாடகையும் போக மிச்சம் எவ்வளவு என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வேலை தரும் நிறுவனத்தோடு கட்டிய விசாவில் இருப்பவருக்கு, வேலை முடிந்தால் வேறு இடம் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாட்கள்.

இனி அவ அங்கே செய்யும் வேலை. இதைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

எங்கள் பௌதிகவியல் பாடத்தில் "பரிவு" என்று ஒரு சொல் இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள்: பரிவு என்றால் இரக்கம்தானே சேர்? ஒரு பொருளின் இயற்கையான அதிர்வெண்ணிலேயே நாம் அதைத் தூண்டினால் அது பெரிதாக அதிரும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதைப் போல. அதுதான் பரிவு. எம்.ஆர்.ஐயில் வரும் பரிவும் இதுதான். நம் உடம்பின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஐதரசன் இருக்கிறது. ஐதரசன் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 3 டெஸ்லா காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்தால் அந்தக் கருக்கள் சுமார் 128 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலைக்குப் பரிவு காட்டும். நாம் எஃப்.எம் கேட்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே. அலையை நிறுத்தியதும் கருக்கள் திருப்பிச் சொல்லும் மெல்லிய சத்தத்தைக் கேட்டுத்தான் படம் வரைகிறார்கள். கத்தியும் இல்லை, எக்ஸ்-கதிரும் இல்லை. ஆரம்பத்தில் இதற்கு "அணுக்கருக் காந்தப் பரிவு" என்றுதான் பெயர். "அணு" என்ற சொல்லுக்கு நோயாளிகள் பயப்படுவார்கள் என்று அதைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

குறை ஒன்றுதான். நேரம் எடுக்கும். படத்துக்கான தரவு ஒரேயடியாக வருவதில்லை, வரி வரியாகச் சேர்க்க வேண்டும். அதுவரை நோயாளி அசையக் கூடாது. சின்னப் பிள்ளைகள் அசையாமல் கிடப்பார்களா? பல நேரம் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் போனால் ஒரு நாளில் எத்தனை பேருக்கு எடுக்கலாம்? எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ திகதிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பிள்ளையின் ஆய்வு இந்த இடத்தில்தான். எல்லா வரிகளையும் எடுக்காமல் நாலில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, மீதியைக் கணிதத்தாலும் செயற்கை நுண்ணறிவாலும் நிரப்பிப் படத்தை மீட்க முடியுமா? முடிகிறது. படம் அழகாகவும் வருகிறது. ஆபத்தும் அந்த அழகில்தான். மென்பொருள் தனக்குப் பழக்கமான மூளையை, தனக்குப் பழக்கமான முழங்காலை வரைந்து வைத்துவிடும். இருந்த சின்னக் கட்டி மறைந்து போகலாம், இல்லாத ஒன்று முளைக்கலாம். 2020இல் நடந்த ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ என்ற போட்டியில், மீட்டெடுத்த படங்களைப் பார்த்த கதிரியல் நிபுணர்கள் இப்படி இல்லாததைக் காட்டும் படங்களைச் சுட்டிக்காட்டினார்கள். எங்கள் பிள்ளை கடந்த 8 மாதங்களாகச் செய்வது இந்தப் பொய்யைப் பிடிக்கிற வேலை. "சேர், மார்க்கிங் மாதிரித்தான். கொப்பியடிச்ச பேப்பர் எப்பவும் வடிவா இருக்கும்" என்று வொய்ஸ் அனுப்பியிருந்தா.

பகலில் ஸ்கேனர் நோயாளிகளுக்கு. ஆராய்ச்சிக்கு இரவும் வார இறுதியும். தண்ணீர் நிரப்பிய உருண்டையை வைத்துப் பரிசோதிப்பது, பிறகு தன்னார்வலர்களை வைத்துப் பரிசோதிப்பது, பிறகு பல மாதங்கள் கணினி முன்னால். அந்தக் காந்தத்தை ஸ்விட்ச் போட்டு நிறுத்த முடியாது. சுமார் மறை 269 பாகை செல்சியஸில் இருக்கும் திரவ ஹீலியத்துக்குள் அதன் சுருள்கள் கிடக்கின்றன, இரவு பகல் காந்தம் உயிரோடு இருக்கும். அறைக்குள் ஒரு ஊசி போனாலும் பறக்கும். அதனால் ஸ்கார்ஃப் பின்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கழற்றி, எண்ணித் திருப்பிக் குத்துகிறா. இப்போது பின் தேவைப்படாத ஸ்கார்ஃபுக்கு மாறிவிட்டாவாம். நோன்பு காலத்தில் இஃப்தார் நேரத்தில் ஸ்கேனர் கிடைத்த நாளும் உண்டு. ஈத்தம்பழம் கண்ட்ரோல் ரூமில், கண் திரையில்.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் ஒப்பந்தக்காரர்களின் கைரேகை எல்லா இடத்திலும் இருக்கிறது. எம்.ஆர்.ஐக்காக 2003இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் நொட்டிங்ஹாமின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட். 11 வயதுப் பரீட்சையில் சித்தியடையாதவர். 15 வயதில் பாடசாலையை விட்டு விலகி அச்சகத் தொழிலுக்குப் போனவர். விஞ்ஞானியாக வேண்டும் என்று சொன்னபோது, கொஞ்சம் குறைவாக ஆசைப்படச் சொல்லித்தான் தொழில் வழிகாட்டி அவருக்கு ஆலோசனை சொன்னாராம். ஆசிரியர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிப்பது நல்லது. மாலை நேரங்களில் படித்துப் பல்கலைக்கழகம் போனார், 1962இல் கலாநிதியானார், பிறகு அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 2 வருடம் போஸ்ட்டொக். 1978இல் முழு உடல் ஸ்கேனர் தயாரானபோது உள்ளே முதலில் போனவரும் அவரேதான்.

எங்களுக்கு அவரைவிடப் பிடித்தவர் பில் எடெல்ஸ்டீன். அமெரிக்கர், கிளாஸ்கோவில் ஈர்ப்பலை ஆய்வில் இருந்தவர். அங்கிருந்து ஸ்கொட்லாந்தின் அபர்டீனுக்கு இன்னொரு போஸ்ட்டொக்காகப் போனார். அங்கே ஜோன் மலார்டின் குழுவில் ஜிம் ஹட்சிசன் முதலானவர்களோடு சேர்ந்து "ஸ்பின் வார்ப்" என்ற முறையை உருவாக்கினார். அதற்கு முன் நோயாளி மூச்சு விட்டாலே படம் குழம்பிவிடும். 1980 ஆகஸ்டில் ஃப்ரேசர்பர்க் என்ற மீன்பிடி ஊரிலிருந்து வந்த ஒரு புற்றுநோயாளியை அந்த இயந்திரத்தில் படுக்க வைத்தார்கள். நெஞ்சிலிருந்த கட்டியும், அது ஈரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்ததும் தெரிந்தது. இன்று கொழும்பிலோ கண்டியிலோ நீங்கள் எடுக்கும் எம்.ஆர்.ஐயின் அடிப்படையும் பெரும்பாலும் அந்த முறைதான். எடெல்ஸ்டீனுக்கு அபர்டீனில் வயல் கிடைக்கவில்லை. அந்த வருடமே அமெரிக்காவுக்குத் திரும்பி ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்.

நம்மவர்கள் ஒளியியல் என்றதும் இப்னுல் ஹைதமைச் சொல்வார்கள். சரிதான். கண்ணிலிருந்து ஒளி புறப்படவில்லை, பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று 1,000 வருடங்களுக்கு முன்னர் பரிசோதனை செய்து காட்டிய மனிதர். மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொல்லும் அதே ஊர்தான், அவருடைய வேலையை இன்று செய்யும் பிள்ளையைப் பார்த்து "இன்னும் படிச்சு முடியல்லயா?" என்றும் கேட்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் விஷயத்தில் நாங்கள் தலையிடவில்லை. ராத்தாவிடம் ஒன்று மட்டும் சொன்னோம். டொக்டராகப் படித்த பொடியன் இன்டேர்ன் முடித்து, பிறகு விசேட நிபுணராக இன்னும் பல வருடம் பயிற்சி எடுக்கும்போது "இன்னும் படிச்சிட்டு இரிக்கான்" என்று யாரும் குறையாகச் சொல்வதில்லை, அதையே சீதனப் பேச்சில் பெருமையாகச் சேர்க்கிறார்கள். "உங்கட மகள்ர கணக்கும் அப்படித்தான்" என்றோம். ராத்தாவுக்கு அது விளங்கியது. திருப்தியா என்று கேட்டால், இல்லை.

வந்து நியமனம் எடுக்கச் சொல்லும்படி கேட்டாவே, அதை நாங்கள் பிள்ளையிடம் சொல்லவில்லை. உம்மா வந்துபோனதை மட்டும் சொன்னோம். ஒப்பந்தம் முடிய இன்னும் 5 மாதங்கள். 14 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு 2 நேர்முகத் தேர்வு நடந்திருக்கிறது. அதில் ஒன்று குறைந்த காந்தப் புல எம்.ஆர்.ஐ பற்றியது. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறுகிறது. ஹீலியம் வேண்டாம், பெரிய கட்டடம் வேண்டாம், சாதாரண நிலைக்காந்தங்களை வளையமாக அடுக்கிச் சுமார் 50 மில்லிடெஸ்லாவில் படம் எடுக்கும் இயந்திரம். 2022இல் உகண்டாவின் எம்பராரா பல்கலைக்கழகத்தில், நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்குள்ளவர்களே அப்படி ஒன்றை 11 நாட்களில் பூட்டி முடித்தார்கள். தலையில் நீர் கட்டும் குழந்தைகளைப் பார்ப்பதற்காக. படம் 3 டெஸ்லா அளவுக்குத் தெளிவு இல்லை. ஆனால் நீர் கட்டியிருக்கிறதா, இல்லையா என்று பார்க்கலாம். "அத நம்மட ஆஸ்பத்திரியிலயும் பூட்டலாம் சேர்" என்கிறா. பூட்டினால் அதைப் பராமரிக்கும் பதவி எந்தச் சேவைப் பிரமாணத்தில் வரும் என்று எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் கேட்டார். அவருக்கு எல்லாவற்றிலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்விதான்.

வருகிற சனிக்கிழமை இரவு 8.30க்கு அந்தப் பிள்ளை எங்கள் உயர்தர மாணவர்களோடு ஸூமில் பேசுகிறா. கணிதம், உயிரியல் இரண்டு பிரிவும் வரலாம். பெற்றோரும் பக்கத்தில் இருந்து கேட்கலாம். ராத்தாவுக்கும் லிங்க் அனுப்பியாச்சு. கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னோம், 23 வந்திருக்கிறது. 9 பேர் கேட்டிருப்பது சம்பளத்தை. 4 பேர் இஸட் ஸ்கோரை. ஒரு பிள்ளை, பொய்ப் படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறா. 12ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு, பின்வாங்கில் இருப்பவ.