மூன்று பூக்களும் பத்துத் துண்டு ஆட்டுக்கறியும்

'டிராகன் ஏஜ்' வீடியோ கேம் தொடரின் மூன்றாம் பாகமான 'இன்குவிசிஷன்' விளையாடத் தொடங்கும் பிள்ளைகள் பலரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். ஹின்டர்லேண்ட்ஸ் என்ற மலைப்பகுதி அது. வானம் பிளந்து, அதன் வழியாகப் பேய்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிளவை மூடும் சக்தி ஒரே ஒருவருடைய உள்ளங்கையில் இருக்கிறது. அந்த ஒருவர் நாம்தான். இவ்வளவு பெரிய பொறுப்போடு மலையில் கால் வைத்ததும் ஒரு வேட்டைக்காரர் கூப்பிட்டு, அகதிகளுக்குச் சாப்பாடு இல்லை, ஆட்டுக்கிடா அடித்துப் பத்துத் துண்டு கறி கொண்டுவா என்கிறார். பக்கத்திலேயே குளிருக்குப் போர்வை வேண்டும் என்கிறார்கள். வழியெல்லாம் எல்ஃப்ரூட் என்ற மூலிகை முளைத்துக் கிடக்கிறது, பறிக்கச் சொல்கிறது. பாறை உச்சியில் ஏதோ மின்னுகிறது, எடுக்கச் சொல்கிறது. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் விடியற்காலையில் எழுந்து, கதை ஒரு அடிகூட நகரவில்லையே என்று சலித்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சலிப்பு நியாயமானது. முதல் பாகத்தை நேசித்தவர்களுக்கு அடுத்த பாகங்களின் சைடு குவெஸ்ட்கள், அதாவது கிளைப் பணிகள், தரும் ஏமாற்றம் சின்ன விஷயம் இல்லை என்றே நினைக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு இந்தத் தொடரை முதலிலிருந்து வரிசையாக விளையாடியவன் என்ற உரிமையில் பேசுகிறேன். என் வயதில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கம்பராமாயண வகுப்புக்குப் போவதுபோலவே இதற்கும் உட்காருகிறேன். இரண்டிலும் கதைதான் என்னை இழுக்கிறது.

முதல் பாகமான 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' 2009 நவம்பரில் வந்தது. செய்தவர்கள் கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனத்தார். அதில் ஆஸ்டகார் என்ற கோட்டையில் பெரும் போருக்குப் படை திரண்டிருக்கும். நாய்க்கொட்டில் பக்கம் போனால் அதைப் பார்த்துக்கொள்பவர் நம்மை நிறுத்துவார். ஒரு மபாரி நாய், போரில் எஜமானை இழந்தது, விஷரத்தம் குடித்து நோயில் கிடக்கிறது. அதன் வாயில் பூட்டு மாட்ட ஆள் வேண்டும். நாம் உள்ளே போகலாம். அது முறைத்துப் பார்த்துவிட்டு அடங்கும். பிறகு அவர் சொல்வார்: சதுப்புக் காட்டுக்குப் போகிறீர்கள் அல்லவா, அங்கே ஒரு பூ உண்டு, முழுக்க வெள்ளை, நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு, கண்ணில் பட்டால் கொண்டுவாருங்கள், மருந்துக்கு ஆகும்.

போ, பறி, கொண்டுவந்து கொடு. வேலையாகப் பார்த்தால் ஆட்டுக்கறிக்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசமும் கிடையாது. பூவைக் கொடுத்துவிட்டு நாமும் மறந்துவிடுவோம். அந்த ராத்திரிப் போரில் துரோகம் நடந்து படையே அழிந்துபோகும், மன்னனும் மடிவான். உயிர் தப்பி நடந்துகொண்டிருப்போம். சாலையில் ஒரு நாய் ஓடிவரும். பின்னாலேயே எதிரிகள் துரத்தி வருவார்கள். அந்த நாய் நம் முன்னால் வந்து நின்று, திரும்பி, அவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டும். நாம் பூ பறித்துக் காப்பாற்றிய நாய் அது. அத்தனை பேர் செத்த இடத்திலிருந்து மோப்பம் பிடித்து நம்மைத் தேடி வந்திருக்கும். அதன்பின் கதை முடியும்வரை கூடவே இருக்கும்.

இதை அனுபவித்தவர்கள்தான் 2011 மார்ச்சில் இரண்டாம் பாகத்தை வாங்கினார்கள். அதை ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் செய்து முடித்திருந்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' என்ற இன்னொரு பெரிய விளையாட்டு தள்ளிப்போனதால் உண்டான இடைவெளியை நிரப்ப அவசரமாக ஒன்று தேவைப்பட்டது. அவசரம் எங்கே பார்த்தாலும் தெரிந்தது. ஒரே குகை பத்து இடத்துக்குக் குகையாக வரும். இந்தத் தடவை இடது வாசலைக் கல்லால் அடைத்திருப்பார்கள், அடுத்த தடவை வலது வாசலை. மூலையில் இருக்கும் மேப்பிலோ அடைத்த அறைகளும் அப்படியே தெரியும்.

சைடு குவெஸ்ட்களில் அந்த அவசரம் இன்னும் மோசமாக வெளிப்பட்டது. கிர்க்வால் நகரத்துத் தெருவில், கொன்ற கொள்ளையர்களின் பைகளைத் துழாவும்போது ஒரு பொருள் கிடைக்கும். யாரோ ஒருவருடைய அஸ்தி, யாரோ ஒருவருடைய பழைய துணி. மேப்பில் ஒரு அம்புக்குறி வரும். போனால் அங்கே ஒருவர் நிற்பார். இது உங்களுடையது என்று நினைக்கிறேன் என்று கொடுப்போம். நன்றி சொல்லிக் காசு தருவார். அது அவருடையது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? இறந்தவர் அவருக்கு என்ன உறவு? கேட்க வழியே இல்லை. ஒரு மனிதனின் அஸ்தியை இன்னொருவர் கையில் கொடுக்கும் நேரம் அது. எந்த ஊரிலும், எந்த மதத்திலும் அந்த நேரத்துக்கு ஒரு மௌனம் உண்டு. அதை இரண்டு வரியில் முடித்துக் காசாக்கிவிட்டார்களே என்று எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

ஆனால் அதே விளையாட்டில், அதே அவசரத்துக்குள், வேறொன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கணவன், காணாமல்போன தன் மனைவியைத் தேடச் சொல்வான். அவன் கவலை அவளைப் பற்றியதுகூட இல்லை. கொன்றவன் நீதான் என்று அவள் வீட்டார் தன்மேல் பழி போடக்கூடாதே என்பதுதான். தேடிப் போனால் ஒரு பழைய வார்ப்பாலையில் எலும்புகளும் அவளுடைய மோதிரமும் கிடைக்கும். அத்தோடு அது நின்றுவிடும். மூன்று வருடம் கழித்து எமெரிக் என்ற வயதான காவல்வீரர், இந்த ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் துருவிக்கொண்டிருப்பார். காணாமல்போன பெண்களுக்கெல்லாம் அதற்கு முன் வெள்ளை லில்லிப் பூக்கள் வந்தன என்பார். மேலதிகாரிகள் அவரைக் கண்டுகொள்வதில்லை. அவரும் கொல்லப்படுவார். பிறகு ஒரு மாலை நாம் வீடு திரும்பும்போது மாமா கலவரமாக நிற்பார், அம்மாவைக் காணோம். இன்று யாராவது வந்தார்களா என்று விசாரித்தால், பூ வந்தது என்பார்கள். வெள்ளை லில்லி.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ரத்தத் தடம் பிடித்து எவ்வளவு வேகமாக ஓடினாலும் அம்மாவைக் காப்பாற்ற முடியாது, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நேரம் இல்லை என்ற காரணம் அஸ்தி கொடுக்கும் காட்சிக்குப் பொருந்துமென்றால் இதற்கும் பொருந்தியிருக்க வேண்டும். இங்கே யாரோ ஒரு எழுத்தாளர், முதல் பெண்ணை மறக்காமல் மூன்று வருடத்துக்குப் பிறகும் நினைவில் வைத்திருந்தார்.

மூன்றாம் பாகத்தின் கதை நேர் எதிர். இரண்டாவது குறுகலாக இருக்கிறது என்று எல்லோரும் குறை சொன்னதால், 2014 நவம்பரில் வந்த இன்குவிசிஷனைப் பரந்த நிலங்களாக விரித்துவிட்டார்கள். பாலைவனம், பனிமலை, சதுப்பு, காடு. பார்க்க அவ்வளவு அழகு. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று தி கேம் அவார்ட்ஸ் விருதும் பெற்றது. ஆனால் விரித்த நிலத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது. அதனால்தான் கறி, போர்வை, மூலிகை. அகதிகளுக்குக் கறி கொடுத்தால் 'பவர்' என்ற கணக்கு ஏறும். அது சேர்ந்தால்தான் அடுத்த பெரிய கட்டம் திறக்கும். பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. மலையெங்கும் மண்டையோடுகள் நட்டு வைத்திருக்கும். அவற்றின் கண் வழியாகப் பார்த்தால் தூரத்தில் மின்னும் சில்லுகள் தெரியும். தேடிப் பொறுக்க வேண்டும். ஏகப்பட்ட சில்லுகள். ரெட்கிளிஃப் கிராமத்தில் பூட்டிய வீடு ஒன்றைத் திறந்தால் அந்த ரகசியம் தெரியவரும். உணர்ச்சி பறிக்கப்பட்டு, யாருக்கும் தீங்கு நினைக்கத் தெரியாத டிராங்க்வில் என்ற அப்பாவிகளைக் கொன்று, அவர்கள் தலையால் செய்தவை அந்த மண்டையோடுகள். இதைப் படித்தபின் கை நடுங்கத்தானே வேண்டும்? சில்லுப் பட்டியலோ மாறுவதே இல்லை. இதுவரை இத்தனை, பாக்கி இத்தனை என்று அது பாட்டுக்கு இருக்கிறது. நாமும் அடுத்த மண்டையோட்டுக்குக் குனிகிறோம்.

நேரம் போதாமல் கெட்டது ஒன்று. இடம் மிஞ்சிக் கெட்டது ஒன்று. விளைவு ஒன்றேதான். உத்தியோகத்தில் இருந்த காலம், ஓய்வு பெற்ற காலம் இரண்டையும் பார்த்துவிட்ட எனக்கு இது விளையாட்டோடு நிற்கவில்லை. வேலைக்கு ஓடும் வயதில் மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, துக்கம் விசாரிப்பு எல்லாமே கையில் திணித்துவிட்டு நகரும் காரியங்களாகிவிடுகின்றன. ஓய்வுக்குப் பிறகு பொழுது அகன்று கிடக்கிறது. அதை நிரப்ப மனிதர்கள் என்னென்னவோ பொறுக்குகிறார்கள். கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு என்று மூன்று மார்க்கெட் அலையும் நண்பர்களை எனக்குத் தெரியும். பாவம், அவர்களுக்கு ராத்திரியில் டிக் போட ஏதாவது வேண்டியிருக்கிறது. டிக் போட்டால் கிடைக்கும் நிம்மதி உடனடியானது, நிச்சயமானது. பெரிய காரியத்தில் அந்த நிச்சயம் இல்லை. ஹின்டர்லேண்ட்ஸில் பிள்ளைகள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் இதுதான்.

சின்ன வேலைகளை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் கணவருடைய குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். நவம்பர் பிறந்தால் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல். மெஷின் ரேகையை எடுப்பதில்லை. எதிர்வீட்டுப் பையன் வண்டியில் கூட்டிப்போய், அவர் விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறான். "பாட்டி, அழுத்தாதீங்க, சும்மா வைங்க" என்கிறான். மோதிர விரலில் பச்சை விளக்கு எரிகிறது. அடுத்த வருஷம் அவனே முந்திக்கொண்டு, "மோதிர விரல்தானே பாட்டி?" என்று கேட்டிருக்கிறான். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்குவிசிஷனிலும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதே ரெட்கிளிஃப் கிராமத்தில் எல்ஃப் இனத்து முதியவர் ஒருவர் நிற்பார். மனைவி பெயர் சென்னா. அவள் நினைவிடத்துக்குப் பூ கொண்டுபோவது அவர் வழக்கம். இந்த முறை சாலையெல்லாம் சண்டை. தனியாகப் போக முடியவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் வைத்துவிட்டு வருவீர்களா என்று கேட்பார். நடந்துபோய்ப் பூவை வைத்துவிட்டு வர வேண்டும். சண்டை இல்லை, பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அத்தனை கறியும் மூலிகையும் எனக்கு மறந்துபோய்விட்டன; அந்தச் சரிவில் ஏறியது நினைவிருக்கிறது. சென்னா என்ற பெயரை எழுத ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆட்டுக்கறி கேட்டவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

ஆறே மாதம் கழித்து, 2015 மே மாதம், போலந்திலிருந்து 'தி விட்ச்சர் 3' வந்தது. அதுவும் தொடர்ச்சிப் பாகம்தான், பரந்த நிலம்தான். தொடக்க கிராமத்திலேயே ஒரு கிழவி பூட்டிய வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருந்தவனுக்கு இரவல் கொடுத்த என் வாணலியை எடுத்துக் கொடு என்பாள். கதவை உடைத்துப் போனால் உள்ளே ஒரு பிணம், எரிந்த காகிதங்கள், பளபளவென்று சுத்தமான வாணலி. மை இல்லாததால் அதன் கரியைச் சுரண்டி யாரோ கடிதம் எழுதியிருக்கிறார்கள், போர்க்கால ரகசியம். கிழவிக்கு அதெல்லாம் தெரியாது. வாணலி இவ்வளவு சுத்தமாகத் திரும்பி வந்ததே என்று சந்தோஷப்படுவாள். ஒரு வாணலியை எடுத்துக் கொடுக்கும் வேலையில் ஒரு போரையே வைத்துவிட்டார்கள். அங்கும் ஸ்கெலிகே கடலில் மிதக்கும் கடத்தல் பெட்டிகளைப் பொறுக்கும் வறட்டு வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவற்றை அள்ள யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கதை அவற்றை நம்பி நிற்கவும் இல்லை.

விளையாட்டு செய்யும் துறையில் இன்று எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். மேப் பெரிதாக இருக்கிறது, ஐம்பது குவெஸ்ட் வேண்டும் என்று மேலிருந்து சொல்வார்கள். ஐம்பதை எட்டாகக் குறைக்க அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால், கேட்பவருக்கு ஒரு பெயராவது வையுங்கள். செய்து முடித்தபின் அவரிடம் திரும்பிப் போனால், நம்மை அடையாளம் கண்டு ஒரு வார்த்தை பேசவையுங்கள். ஆஸ்டகார் நாய் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

விளையாடும் பிள்ளைகளுக்கு: ஹின்டர்லேண்ட்ஸில் மதர் ஜிசெல் என்பவரைப் பார்த்துப் பேசியதும் கிளம்புங்கள். வால் ரோயோ நகரத்துக்குப் போங்கள், கதையைப் பிடியுங்கள். கறி, போர்வை, சில்லு எதையும் முடிக்க வேண்டாம்; பவர் மற்ற வழிகளிலும் தேவையான அளவு சேர்ந்துவிடும். கதை ரெட்கிளிஃபுக்கு அழைத்துப்போகும்போது மட்டும் அவசரப்படாமல் தெருவெல்லாம் நடந்து பாருங்கள். அந்த முதியவர் ஓடிவந்து கூப்பிடமாட்டார். பக்கத்தில் போய் நின்றால்தான் பேசுவார்.