பெட்டியை அவிழ்த்து வை

1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் லயத்தில் யாரும் இடம் மாறவில்லை. விடிந்தால் பிரட்டுக்குப் போனார்கள், மலை ஏறினார்கள், அந்திக்குக் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பினார்கள். அதே காம்பரா, அதே அடுப்பு. ஆனால் அந்த அடுப்பில் சோறு பொங்கியவர்கள் அந்நியர்களாகிவிட்டார்கள். இங்கே பிறந்தால் போதாது, தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றது சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்தில் பிறந்த தகப்பனுக்கு அத்தாட்சியை எங்கே தேடுவது? அடுத்த வருடமே இன்னொரு சட்டம் வந்தது. 1946க்கு முன் தொடர்ந்து 10 வருடம், மணமானவராயின் 7 வருடம், இங்கே குடியிருந்ததைக் காட்டுகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலோருக்கு மறுப்புத்தான் வந்தது.

இந்தச் சரித்திரத்தைப் புத்தகங்களில் படித்துக்கொள்ளலாம். அந்நியர் என்று எழுதப்பட்ட ஒரு குடும்பம் அன்றாடம் எப்படி வாழ்ந்தது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பிறகு, ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பிள்ளைப் பருவம் முழுவதும் எங்கள் வீடு இந்தியாவுக்குப் போவதற்குத் தயாராகவே இருந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பதினைந்து வருடத்தில் முடிய வேண்டிய காரியம் அது. எங்கள் வீட்டில் அதற்கு என்ன பொருள் என்றால், கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி. அதற்குள் அம்மாவின் கல்யாணத்துப் பித்தளைக் குத்துவிளக்கு, பழைய சேலையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கேட்டால், "அங்க போயி ஏத்திக்கலாம்" என்பார். இங்கே குப்பி விளக்குதான். இஸ்தோப்பில் மழை ஒழுகும். அப்பா தகரம் வாங்க மாட்டார், போகப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று. பெரிய அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அங்கே போய்ப் படிக்கட்டும் என்பதுதான் பேச்சு. ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கல்யாணப் பேச்சுகளையும் தள்ளிப்போட்டார்கள்.

அப்பாவையோ அம்மாவையோ நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு அப்படித்தான். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்திருக்கும், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருக்கும். கண்டியில் இருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயத்துக்குப் போய்விட்டு வந்தவர் கொண்டுவரும் செய்திதான் அந்த மாதம் முழுவதும் லயத்தின் பேச்சு. 1974ஐ ஒட்டி மா தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினியில் ஆட்கள் விழுந்தபோதும், 1977இல் கலவரம் நடந்தபோதும், போய்விடுவதே மேல் என்று பலர் முடிவெடுத்தார்கள். அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எங்களுக்கு அடுத்த காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். அவர்களும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்தான். லயத்துக்குப் பின்னால் கிடைத்த சிறு துண்டு நிலத்தில் அவர் போஞ்சியும் லீக்ஸும் போட்டார். ஓரத்தில் ஒரு கொய்யாக் கன்று நட்டார். "காய்க்கிறதுக்குள்ள கப்பல் ஏறிருவீங்களேக்கா, எதுக்கு?" என்று அம்மா கேட்டபோது, "இருக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துறேன், யாரு தின்னா என்ன தாயி" என்றார். கீழே நாட்டிலிருந்து பலாக்காய் கொண்டு வரும் சிங்களப் பெண்மணியோடு பேசிப் பேசியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவே இல்லை.

கடைசியில் அவர்களுக்குத்தான் கடவுச்சீட்டு வந்தது. பிள்ளைகள் படிப்போடு போனார்கள். எங்களுக்கு வரவில்லை. அக்கா இங்கேயே தங்கினார், அரைகுறைப் படிப்போடும் கொழுந்துக் கூடையோடும். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றபோது, கையில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே பல்லாயிரம் பேர் இந்த மலைகளில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய தகரப் பெட்டிகளும் கட்டிலுக்கடியிலேயே இருந்தன.

போனவர்களும் லேசாக வாழ்ந்துவிடவில்லை. தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்தார்கள். ஹட்டன் ஸ்டேசனில் பயணம் சொல்ல வந்தவர்கள் பிளாட்பாரத்திலேயே விழுந்து அழுவார்கள். அக்கரையில் மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம், மறுபடியும் கொழுந்துதான். இங்கே இந்தியாக்காரன் என்றவர்களுக்குப் பதிலாக அங்கே சிலோன்காரன் என்றவர்கள் இருந்தார்கள். முகாமைக் கண்டவுடன் திரும்பிப் போகும் நாளை எண்ணத் தொடங்கியவர்களும் உண்டு. வந்த முதல் மழையிலேயே வாசலில் கீரை விதைத்தவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தின் பிள்ளைகள்தான் அந்த மலையில் சீக்கிரம் வேரூன்றினார்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் என் பேத்தி. கணவனோடும் சின்னப் பிள்ளையோடும் சீனாவில் இருக்கிறாள். வேலை விசா வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிப் பொலிசில் பதிய வேண்டும். ஒருநாள் வீடியோவில் பேசும்போது பார்க்கிறேன், பிள்ளை பிளாஸ்டிக் தட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஒரு மேசை இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. "ரெண்டு வருஷத்துல வந்துருவோம் தாத்தா, எதுக்கு வீணா சாமான் வாங்கிக்கிட்டு" என்றாள். எனக்கு அம்மாவின் குத்துவிளக்கு ஞாபகம் வந்தது.

"இல்ல தாயி," என்றேன், "ரெண்டு வருஷமுன்னு நீ நெனைக்கிற. பிள்ளைக்கு அதுதான் மூணு வயசும் நாலு வயசும். ஒரு மேசை வாங்கு. பக்கத்து வீட்டுக்காரி பேரைக் கேளு. கடையில பேரம் பேசுற அளவுக்காவது அவங்க பாஷைய படி. ஜன்னல்ல ஒரு சட்டியில கொத்தமல்லி போடு." கட்டார், துபாய் என்று போயிருக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். கொழும்பில் அறை எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

இதற்காகப் பத்திரங்களை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. தகப்பனின் பிறப்புப் பதிவு இல்லாமல் ஒரு சமூகம் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் நம் தூதரகத்தில் பிரஜாவுரிமைக்குப் பதிந்துவிடுங்கள். எல்லாக் காகிதத்துக்கும் நகல் எடுத்து ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

கன்று நடுவது குடும்பத்தின் வேலை. நட்ட நிலத்துக்கு உறுதி எழுதிக் கொடுப்பது அரசின் வேலை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. நிலம் தீரவில்லை. 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் சில ஆயிரம்; இன்னும் லயத்தில் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. இங்கே வந்து 200 வருடமானதை மலையகம் 200 என்று நினைவுகூர்ந்து 2023இல் நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். அவர்கள் கேட்டவற்றில் காணியும் ஒன்று. லயத்துக்குப் பின்னால் போஞ்சி போடுகிற ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் அந்த உறுதி வந்து சேரும்வரை நாமும் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.