ஒரு போன் போடுங்க

தம்பியப் பாத்துக்குற பராமரிப்பாளர் அக்கா, சம்பளம் பத்தாம வேற வேலை தேடுறாங்களாம்.
மனசே சரியில்ல.

வயித்துக் குழாயில பால் ஏத்துறது, வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு மணி பாக்குறது, எல்லாம் அவங்கதான்.
இத நாளைக்கே வர்ற ஆளு செஞ்சிட முடியுமா?

அமெரிக்காவுல இவங்கள மாதிரி பராமரிப்பாளருங்க சம்பளம் பெரும்பாலும் மெடிக்கெய்ட்ங்கிற அரசு மருத்துவ உதவித் திட்டம் தர்ற ரேட்டுக்குள்ளதான். அதுல மாநிலத்தோட பங்க ஒதுக்குறது மாநில சட்டமன்றம்.
2025 ஜூலையில மெடிக்கெய்ட் நிதியக் குறைச்சு ஒன்றிய அரசு சட்டம் போட்டாச்சு. இனி மாநிலம் எங்க கை வைக்கும்? இவங்களுக்குத் தர்றதாச் சொன்ன சம்பள உயர்வுலதான்னு பயமா இருக்கு.

மாநில பட்ஜெட் முடியறதுக்குள்ள பேசணும்ங்க.
உங்க தொகுதி மாநில செனட்டர் ஆபீசுக்கு ஒரு போன். பேரு, ஊரு சொல்லி, "பராமரிப்பாளருங்க சம்பள உயர்வத் தொடாதீங்க"ன்னு சொன்னாப் போதும்.

போடுவீங்களா?