அடியில்லாப் பானை

நண்பர் ஒருவர் கிரேக்க நாட்டுச் சிஃப்னோஸ் தீவுக்குப் போய்வந்தார். ஏஜியன் கடலில் கிடக்கும் சின்னத் தீவு, மண்பாண்டத்துக்குப் பேர்போனது. சனிக்கிழமை இரவு மண்சட்டியில் கொண்டைக்கடலையை ஊறவைத்து விறகடுப்பில் ஏற்றிவிட்டால், ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிடலாமாம். அங்கே ஒரு பட்டறையில் காசு கட்டி, சக்கரத்தில் கைவைத்து எடுத்த படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். எனக்கு மட்டும் கூடவே ஒரு குத்தல்: "பக்கத்துல வில்லியனூர் இருக்கே, அங்க பானை செய்யறத நீ போய்ப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. புதுச்சேரியை அடுத்த அந்த ஊரில் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த தேர், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். லூர்து மாதா கோயில் குளத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். குயவர் தெரு எங்கே என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

போன அன்றும் நேராகப் போய்ச் சேரவில்லை. குயவர்கள் இருப்பது வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தில். வெறும் "பிள்ளையார்குப்பம்" என்று சொல்லி ஏறியது கடலூர் பஸ். புதுச்சேரியில் பிள்ளையார்குப்பம் இரண்டு: பாகூர்ப் பக்கம் ஒன்று, வில்லியனூர்ப் பக்கம் ஒன்று. மருத்துவக் கல்லூரி வாசலில் இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு காலை வீண்.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்கத்திச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் பேரைச் சொன்னால் ஆட்டோக்காரர் எல்லாம் வழி சொல்கிறார்கள். நான் தேடியது சிற்பத்தை அல்ல, சோறு வடிக்கிற பானையை. அதற்குத்தான் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு வேப்பமரத்தடியில் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுபது தாண்டியிருக்கும். பக்கத்தில் மோட்டார் வைத்த சக்கரம் சும்மா கிடந்தது. சக்கரம் சுற்றுவதைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"அது சின்னப்புள்ளைங்க பாக்கறது தம்பி. காத்தால முடிஞ்சுபோச்சு. இது பாருங்க."

மடியில் இருந்தது ஒரு பானை. வாய் இருந்தது, கழுத்து இருந்தது, அடி இல்லை. உள்ளே கைவிட்டால் மறுபக்கம் விரல் தெரிகிறது. சக்கரத்தில் இருந்து அறுத்தெடுக்கும்போது பானை இப்படித்தான் வரும் என்பது ஐம்பது வயதில் எனக்குத் தெரியவந்தது. சுவர் தடியாக இருக்கும். பாதி காய்ந்ததும் உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே பலகையால் தட்டுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து கீழே இறங்குகிறது. ஓட்டை ரூபாய் நாணயம் அளவாகி, மிளகு அளவாகி, மூடிக்கொள்கிறது. பலகை ஒட்டாமல் இருக்க நடுநடுவே சாம்பல் தொட்டுக்கொள்கிறார். உள்ளே இருக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பலகை விழுகிற இடத்தில் கல் போய் நிற்கிறது. அவர் பார்த்தது என் முகத்தை, பானையை அல்ல.

"எப்படிங்க ஐயா தெரியுது, எங்க தடிச்சிருக்குன்னு?"

"சத்தம் சொல்லும்."

பலகை புளியமரம். அவருடைய அப்பா செதுக்கியது. நடுவில் தேய்ந்து, கைப்பிடிக்கு மேலே குழிந்துபோயிருக்கிறது. வாங்கிப் பார்த்தேன், நினைத்ததைவிடக் கனம். ஒரு தட்டுத் தட்டவும் விட்டார். பானை நெளிந்தது. திட்டவில்லை, வாங்கி ஏழெட்டுத் தட்டில் சரிசெய்தார். மண் மிதிப்பதையும் சூளை அடுக்குவதையும் பற்றி அவருடைய மருமகள் நிறையச் சொன்னார். அந்த வெயிலில் என் தலையில் ஏறவில்லை.

அரிக்கமேடு இங்கிருந்து தொலைவில்லை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய பழைய துறைமுகம். அங்கே கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் கிரேக்கத்துக் கோஸ் தீவு வகைச் சாடிகள் நிறைய உண்டு. கோஸ் மதுவில் கடல்தண்ணீர் கலப்பார்கள் என்று பழைய ரோமானிய நூல்களில் இருக்கிறது. உப்புப்போட்ட மதுவை யார் விரும்பிக் குடித்தார்களோ! அந்தத் தீவுச் சாடிகள் இந்தக் கரையில் இறங்கியபோதும் இங்கே யாரோ ஒருவர் மடியில் பானை வைத்துத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்.

இனி வயிற்றெரிச்சல். இவர்களுக்குக் காசு வருவது கார்த்திகை அகலிலும் பொங்கல் பானையிலும்தான். மொத்தமாக எடுப்பவர் ஆடியிலேயே வந்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். கொடுத்த கைதான் விலையும் சொல்லும். மழை வந்து காயாமல் நின்றால் நட்டம் குயவருக்கு, தாமதத்துக்குக் கழிவும் குயவருக்கு. புதுச்சேரி வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு கடையில் இங்கே செய்கிற குழம்புச்சட்டியைச் சணல் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே சொன்ன விலைக்கும் அங்கே ஒட்டியிருந்த விலைக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். சீட்டில் கடையின் பேர் இருந்தது, செய்தவர் பேர் இல்லை. தரகர் மட்டுமா திருடர்? வாசலில் வந்து பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, கடையில் வாய் திறக்காமல் கொடுக்கிறோமே, அதற்கு என்ன பேர்? அந்தக் கடையில் போன வருஷம் ஒரு கூஜா வாங்கியவன் நான்.

சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் வருகின்றன. பிள்ளைகள் சக்கரத்தில் கைவைத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காசு வாங்குவீர்களா என்று பெரியவரிடம் கேட்டேன். "புள்ளைங்ககிட்ட என்னத்தக் கேக்கறது" என்றார். சிஃப்னோஸில் கேட்கிறார்கள். என் நண்பர் மறுபேச்சில்லாமல் கொடுத்திருக்கிறார்.

போகிறவர்களுக்கு: வில்லியனூர்ப் பிள்ளையார்குப்பம் என்று சொல்லி ஏறுங்கள். மார்கழியில் போகாதீர்கள், பேச நேரம் இருக்காது. தை கழிந்து, ஒரு வேலைநாளில், மத்தியானத்துக்கு மேல் போனால் தட்டுவதைப் பார்க்கலாம். பிள்ளையைச் சக்கரத்தின் முன் உட்காரவைத்தால் அவர் கேட்காவிட்டாலும் கூலி கொடுங்கள். சட்டி வாங்கினால் அன்றே அடுப்பில் ஏற்ற வேண்டாம். வடித்த கஞ்சியை ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். என்னுடையது முதல் நாள் கசிந்தது, மூன்றாம் நாள் நின்றுவிட்டது.